கேட்டதும் சொன்னதும்: ஒரே குணத்து வில்லி

கேள்வி: எங்கள் வீட்டில் ஆச்சி, அம்மா, நான் மூவரும் இரவு ஒன்பது மணித் தொடர் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அதில் வரும் மூத்த மருமகள் முதல் நாள் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளோ, அப்படியேதான் இன்றும் நிற்கிறாள். வீட்டுப் பத்திரத்தை அரிசிக் குதிருக்குள் ஒளித்துப் பிடிபட்டவளிடமே மறுவாரம் சாவிக்கொத்தைக் கொடுக்கிறார்கள். இப்படி ஒற்றைக் குணத்தில் வார்த்த வில்லியை வைத்துக்கொண்டு ஒரு நெடுந்தொடரை நடத்த முடியுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: முடியும் என்றே நினைக்கிறேன். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முன்பெல்லாம் நாதசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாதசுரம் போலவே நீண்ட குழல்தான். ஆனால் விரலுக்கு வேலை கிடையாது. கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு அறுபடாமல், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது அந்த இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அந்த ஒற்றைச் சுரத்தைக் கேட்டு யாரும் சலித்து எழுந்து போனதில்லை. ஏனென்றால் அதன்மேல் ராகம் நகர்ந்துகொண்டே இருந்தது. வில்லியின் குணமும் அப்படி நிலையாக நிற்கலாம். நாதசுரமும் சேர்ந்து அதே இடத்தில் நின்றுவிட்டால்தான் கேட்க முடியாமல் போகிறது.

குறை எங்கே என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பத்திரத்தை ஒளித்தது அவள் குணம். அதில் எனக்கு வருத்தமில்லை. மறுவாரம் சாவிக்கொத்தை நீட்டிய கைதான் கதையைக் கெடுத்தது. நாலைந்து புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், ஒரே வளவை, அந்த உள்முற்றத்தை, சுற்றி வாழ்ந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இருபது ஆண்டுகளுக்கு முன் திருப்பூட்டு என்று நாம் சொல்லும் ஒரு தாலிகட்டு நாளன்று பந்தியில் யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார் என்பது, சொன்னவருக்கே மறந்துபோனாலும், அன்று வளவில் இருந்த ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும். பேச்சு நின்றுவிடாது; “வாங்க, காபி சாப்பிடுங்க” என்ற உபசரிப்பும் குறையாது; ஆனால் பெட்டகச் சாவி மட்டும் அந்தப் பக்கம் போகாது. இந்த நினைவுதான் தொடர் வீடுகளில் இல்லை. வில்லி மாறாதது இயல்பு. பட்டவர்கள் பட்டதை மறப்பது இயல்பே இல்லை.

2022இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய, திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் தன் சொல்லைத் தாண்டக்கூடாது என்பதைத் தவிர அந்தப் பாத்திரத்துக்கு வேறு எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் அசைந்தார்கள். நேற்றுத் தலைகுனிந்து வாங்கிக்கொண்ட வசையை இன்று நிமிர்ந்து நின்று கேட்டார்கள். பிறகு பதில் சொல்லவும் கற்றார்கள். அதனால் “இந்தாம்மா ஏய்” என்ற அதே அதட்டல் ஆரம்பத்தில் அச்சத்தைத் தந்தது, போகப் போகப் பிடி நழுவும் ஒரு மனிதனின் பதற்றமாகக் கேட்டது. அதில் மாரிமுத்துவின் குரலுக்கும் பெரும் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் அவர் காலமான பிறகு அனுபவமிக்க வேல ராமமூர்த்தி அதே பாத்திரத்தை ஏற்றபோதும், பழைய குரலைக் காது தேடிக்கொண்டே இருந்தது. ஒரே குணந்தான் என்றாலும், அந்தக் குணத்துக்குள் எத்தனை ஏற்ற இறக்கம் வைக்கலாம் என்பதை நடிகர்தான் தீர்மானிக்கிறார்.

கேள்வி: எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நன்றாகத் தெரியும். வாரத்துக்கு ஐந்தாறு நாள், நாளுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கதை வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டே காதால் மட்டும் கேட்பவருக்கும், ஒரு மாதம் பார்க்காமல் இருந்துவிட்டு வருபவருக்கும் வில்லி யார் என்பது வாய் திறந்தவுடன் விளங்க வேண்டும். வியாழக்கிழமை வரும் ரேட்டிங்கில் அவள் காட்சிகள் ஓங்கியிருந்தால், முடிய வேண்டிய சதி இன்னும் பத்து நாள் நீளும். குடும்பத்தார் அவளை நம்ப மறுத்தால் அடுத்த சதிக்கு இடமில்லை. ஆகவே அவர்களை மறக்க வைக்கிறார்கள். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம்பாத வீட்டுக்குள் ஒருத்தி எப்படிச் சதி செய்வாள் என்று யோசித்திருந்தால் இன்னும் நல்ல கதை கிடைத்திருக்கும்.

கேள்வி: வில்லிக்கு ஒரு முன்கதை சொல்லி, கடைசியில் திருந்தவும் வைத்துவிட்டால் பாத்திரத்துக்கு ஆழம் வந்துவிடாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊரிலிருந்து எழுதுகிறீர்கள்; கூனியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரே முடிசூட்டு விழாவுக்குக் கோலம் பூண்டிருக்க, வாயை மடித்துக்கொண்டு கைகேயியின் அரண்மனைக்கு ஏறுகிறவளின் மனத்தில், சிறுவயதில் இராமன் வில்லிலிருந்து வந்து தன்மேல் பட்ட உருண்டை இருக்கிறது. கம்பர் அதற்கு ஒதுக்கியது பாட்டில் பாதிதான். அவளை நியாயப்படுத்தவும் இல்லை, நமக்கு இரக்கம் வரவைக்கவும் முயலவில்லை. இவளுக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முன்கதை என்றால் அந்த அளவு போதும். ஒரு வாரம் முழுக்க மஞ்சள் ஒளியில் வில்லியின் பிள்ளைப்பருவத்தைக் காட்டி அழ வைப்பது ஆழமாகாது.

திருந்துவதைப் பற்றிக் கேட்டால், எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. ஆயிரம் நாள் கெடுதல் செய்தவள் கடைசி வெள்ளிக்கிழமை மாமியார் காலில் விழுந்தால், அந்த ஆயிரம் நாளும் அவளிடம் பட்டவர்களின் பாடு ஒன்றுமில்லை என்றாகிவிடும். பள்ளத்தூர் வாசகி சொன்ன அந்தத் தொடரை முடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், அவளைப் பேசவே விடமாட்டேன். வளவுத் தூணில் சாய்ந்து நிற்கும் அவள் இடுப்பிலிருந்து மாமியார் சாவிக்கொத்தை உருவி, இளைய மருமகள் கையில் கொடுக்க வேண்டும். முதல் நாள் கடித்த பல்லை அவள் அப்போதும் கடித்துக்கொண்டே நிற்கட்டும்.