வாசகர் கேள்வி: 4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297 என்ற எண்ணை நூறுக்கு உட்பட்ட எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. இதைப் பகா எண் என்று கொள்ளலாமா? கணினியின் துணையின்றி உறுதி செய்ய வழி உண்டா?

பதில்: கொள்ள இயலாது. அது 641, 6700417 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன். நீங்கள் நிறுத்தாமல் தொடர்ந்திருந்தால் 116-ஆவது பகா எண்ணில் விடை கிடைத்திருக்கும். ஆனால் அவ்வளவு உழைப்பு தேவையே இல்லை.

இந்த எண் 2³² + 1 ஆகும். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அடுத்து வருவதே உங்கள் எண். இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்களாகவே இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார்; 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அந்த நம்பிக்கையைத் தகர்த்தார்.

அவர் வழி இதுதான்: ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்குமானால், அதனால் 2-இன் அடுக்குகளை வகுக்கும்போது வரும் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். அந்தச் சுழற்சியின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுத்தாக வேண்டும் என்பது ஃபெர்மாவின் தேற்றத்திலிருந்தே கிடைக்கும் முடிவு; தம் ஊகத்தைச் சோதிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு. ஆகவே 64-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவை 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

நீண்ட வகுத்தலும் வேண்டாம் என்றால் இதைப் பாருங்கள். 641 = 5⁴ + 2⁴; அதாவது 625 + 16. இரு பக்கமும் 2²⁸-ஆல் பெருக்கினால், 641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³² என்றாகும். 5 × 2⁷ = 640 ஆதலால், 5⁴ × 2²⁸ என்பது 640⁴ தான். எனவே 2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1). அடைப்புக்குள் இருப்பது 640² − 1-ஆல், அதாவது 639 × 641-ஆல், வகுபடும். வலப்பக்கத்தின் இரு பகுதிகளையும் 641 வகுப்பதால் இடப்பக்கத்தையும் வகுக்கிறது. இதைவிட அழகான சரிபார்ப்பு இந்த எண்ணுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

6700417 பகா எண்தானா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் காரணிகளுக்கும் மேற்கண்ட நிபந்தனையே பொருந்தும்; அதன் வர்க்க மூலம் 2588-ஐச் சற்றே தாண்டுவதால், ஏற்கெனவே விலக்கிய நான்கை விட்டு, 641 உட்பட ஏழு பகா எண்களைச் சோதித்தால் போதும். அவற்றில் எதுவும் வகுக்காது.

இந்த முடிவு வடிவியலிலும் எதிரொலிக்கிறது: ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய, பக்கங்களின் எண்ணிக்கை இவ்வகைப் பகா எண்ணாகவோ வெவ்வேறான அத்தகைய பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருக்க வேண்டும். 4294967297 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையக் கோட்பாட்டளவிலும் வழியில்லை. ஆனால் இரண்டு குறைவான 4294967295 என்பது மேலே கண்ட ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தைக் கோட்பாட்டளவில் வரையலாம். அவ்வாறு வரையத்தக்க ஒற்றைப்படைப் பலகோணங்களில் இதுவரை அறியப்பட்டுள்ள மிகப் பெரியது அதுவே.