வாசகர் கேள்வி: சூடானதும் நின்றுபோகும் எம்ஜிபி

கேள்வி: என் கார் 1967 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அரை மணி ஓடியதும் இன்ஜின் விக்கி நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. சூட்டில் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐதான் காட்டுகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) கண்டென்சரை மாற்றுங்கள். பாயிண்டில் பொறி பறக்காமல் காப்பது அதுதான். சூட்டில் செயலிழந்து, ஆறியதும் தேறுவது அதன் குணம். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகமே இல்லை. அடுத்து, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகியுங்கள்.

புதுப் பாயிண்டின் இடைவெளியை, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேமின் மேட்டில் அதன் குதிகால் (கேமில் உரசும் பகுதி) நிற்கும்போது 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். கேமில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மிஞ்சினால் தெறித்துப் பாயிண்டைக் கெடுக்கும். கிரீஸே இல்லாவிட்டால் குதிகால் தேய்ந்து, இடைவெளி குறைந்து, டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கும். அதனால் பாயிண்டைத் தொட்டாலே டைமிங்கையும் பார்த்துவிட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலும் ரோட்டரைக் கழற்றி, அடியிலுள்ள தண்டில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். ரிவெட் இல்லாத ரோட்டரே நல்லது. மலிவான ரகங்களில் ரிவெட் வழியே மின்சாரம் தண்டுக்குக் கசியும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

ஆயில் பிரஷர் பயப்படும்படி இல்லை. சூட்டில் 3000 ஆர்பிஎம்மில் 50க்கு மேல் நின்றால் நிம்மதியாக ஓட்டலாம். துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். நவீன மெல்லிய ஆயில் இந்த கேம்ஷாஃப்டுக்கு ஆகாது. ஃபில்டர் மாற்றியபின் காயில் வயரைக் கழற்றி, ஆயில் பிரஷர் கேஜின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.