அடுத்த ரிசார்ட் எங்கே வரும்? டைம்ஷேர் பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் டைம்ஷேர் உறுப்பினர்கள், அதாவது ரிசார்ட்டில் வருஷத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே பணம் கட்டி வாங்கியவர்கள், கொஞ்சம் பேர் கூடிப் பேசினோம். பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: "நம்ம கம்பெனி அடுத்து எங்கே ரிசார்ட் திறக்கும்?" வர முடியாதவர்களும் கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்கள். கோலாலம்பூரில் ஒரு டைம்ஷேர் நிறுவனத்தின் முன்பதிவு மேசையில் 18 வருஷம் இருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். என் கணிப்பு எதுவோ அதைக் கணிப்பு என்றே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): அக்கா, எங்களுக்கு கிளப் மகிந்திரா என்ற இந்திய நிறுவனத்தின் டைம்ஷேர் இருக்கிறது. சென்னையில் மாமனார் எடுத்தது, இப்போது எங்கள் பெயரில். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானமே வந்துவிட்டது. பினாங்கில் ஒரு ரிசார்ட் திறப்பார்களா?

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பயணிகளுக்கு மலேசியா வர விசா வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை–பினாங்கு நேர் விமானம் விட்டது. ஆள் வரும் வழி திறந்துதான் இருக்கிறது.

ஆனால் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சுமார் 5,000 அறைகளை 2030க்குள் 10,000 ஆக்குவது என்று அந்த நிறுவனம் இலக்கு வைத்தது. அதற்கு அது கையெழுத்துப் போட்டதெல்லாம் இந்திய மாநிலங்களோடுதான்: 2023 டிசம்பரில் உத்தராகண்டோடு 1,000 கோடி ரூபாய்க்கு, அடுத்த மாதமே தமிழ்நாட்டோடு 800 கோடிக்கு. காரணம் எளிது. அவர்களுடைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு காரிலோ ரயிலிலோ கிளம்பிப் போகிறவர்கள். 1996இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் ரிசார்ட்டே மூணாறு மலையில்தான்.

வெளிநாட்டில் அவர்கள் போகும் விதம் வேறு. கோலாலம்பூரில் ஒரு துணை நிறுவனத்தின் பெயரில் அடுக்குமாடி வீடுகளை வைத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறார்கள். பின்லாந்தில் ஹாலிடே கிளப் என்ற நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் வெறும் நிலத்தில் அடிக்கல் நாட்டித் தொடங்கவில்லை.

பினாங்கின் நிலத்தையும் யோசியுங்கள். அங்கே பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியில் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல் உள்ளதை மலைநிலம் என்று வைத்து, அங்கே கட்டுவதை மாநிலத் திட்டம் கட்டுப்படுத்துகிறது. சமதளத்தில் நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே ஹோட்டல். ஆகவே என் கணிப்பு: சொந்த ரிசார்ட் வராது. வந்தால் ஏதோ ஒரு ஹோட்டலோடு பேசி, கொஞ்சம் அறைகள் ஒதுக்கித் தருவார்கள். அப்படி வரும் இடத்தில் கடல் பார்த்த அறை கிடைக்குமா, எத்தனை பேருக்கு இடம் என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

கேள்வி (ஷா ஆலாம்): உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு இடம் கேட்டால் கம்பெனி கேட்குமா? எங்களிடம் ஆண்டுதோறும் ஒரு கருத்துப் படிவம் வருகிறது.

பதில்: படிவத்தை நிரப்புங்கள், வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தொழில் எங்கே விரிகிறது என்பதற்கு அந்தப் படிவம் விடை சொல்லாது. பழைய உறுப்பினர் போக ஆசைப்படும் இடம் ஒன்று, புது உறுப்பினர் கிடைக்கும் இடம் வேறொன்று. நிறுவனம் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கும். பழைய உறுப்பினர் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, புதிதாக விற்றால்தான் அடுத்த கட்டடம்.

புக்கெட்டில் மாய் காவ் கடற்கரைக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். ஜே.டபிள்யூ. மேரியட் ஹோட்டல் இருக்கும் அதே கரையில் மேரியட் வெக்கேஷன் கிளப்பின் டைம்ஷேர் வீடுகளும் இருக்கின்றன. ஹோட்டலுக்கு வந்தவர் நீச்சல்குளத்தில் நனைந்துகொண்டே பக்கத்துக் கட்டடத்தைப் பார்க்கிறார். சமையலறை இருக்கிறது, இரண்டு படுக்கையறை இருக்கிறது, பிள்ளைகள் ஓடுகின்றன. பாதி விற்பனை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸ் ஜப்பானில் ஒடவாராவிலும் ஓகினாவாவின் செசோகோவிலும் இடம் பிடித்ததும் இதே கணக்குதான். ஹவாய்க்குப் போய் அந்த நிறுவனத்திடம் டைம்ஷேர் வாங்கிய ஜப்பானியக் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் சொந்த நாட்டிலேயே இடம் வைத்தார்கள்.

என் மேசையிலிருந்து ஒரு காட்சி. எங்களுக்குப் போர்ட்டிக்சனில் இரண்டு படுக்கையறை வீடுகள் கொஞ்சம்தான் உண்டு. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அவை பிப்ரவரியிலேயே தீர்ந்துவிடும். நீளமான ஒரு பதிவேட்டில் பென்சிலால் பெயர் எழுதி வைப்பேன். யாராவது ரத்துசெய்தால் அழித்துவிட்டு அடுத்த பெயர். ஆகஸ்டு வாக்கில் அந்தப் பக்கத்தின் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். "இங்கே இன்னும் பத்து வீடு வேண்டும்" என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷங்களில் நிறுவனம் பணம் போட்டது வேறொரு ஊரில், ஒரு பெரிய பேரங்காடிக்குப் பக்கத்தில். அங்கே வழியில் போகிறவரை நிறுத்திப் பேசலாம். போர்ட்டிக்சனுக்கு வருகிறவர் ஏற்கெனவே உறுப்பினர்.

கேள்வி (ஜொகூர் பாரு): அமெரிக்கப் பெயர்கள் மலேசியாவில் ஏன் இவ்வளவு குறைவு? புக்கெட், பாலி என்று போகிறார்கள், தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலமே வாங்க முடியாதே?

பதில்: நல்ல கேள்வி தம்பி. தாய்லாந்தில் வெளிநாட்டவருக்கு நிலம் சொந்தமாகாது. குத்தகை 30 வருஷம், அடுக்குமாடியிலும் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடுதான் வெளிநாட்டவருக்கு. மலேசியாவில் மாநில அனுமதியோடு வாங்கலாம். சட்டத்தை மட்டும் பார்த்தால் நாம்தான் முன்னால் நிற்க வேண்டும்.

ஆனால் புள்ளிகள் முறையில், அதாவது உறுப்பினர் புள்ளிகளை வாங்கி அதைக் கொடுத்து அறை எடுக்கும் முறையில், விற்கிறவருக்கு நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்றில்லை. நீண்ட குத்தகையே போதும். அவருக்கு வேண்டியது ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் காசு வந்து இறங்கும் கடற்கரை. புக்கெட்டும் பாலியும் அதைத் தருகின்றன.

இந்தக் கணக்கில் என் கணிப்பு பினாங்கோ லங்காவியோ அல்ல, உங்கள் பக்கம்தான்: ஜொகூரின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் டெசாரு. வெஸ்டின், ஹார்ட் ராக், அனந்தாரா ஹோட்டல்கள் ஏற்கெனவே அங்கே நிற்கின்றன. வெஸ்டின் என்பது மேரியட் குடும்பப் பெயர். மேரியட் வெக்கேஷன் கிளப்பை நடத்தும் மேரியட் வெக்கேஷன்ஸ் 2018இல் ஐ.எல்.ஜி. என்ற டைம்ஷேர் நிறுவனத்தை வாங்கியதிலிருந்து, வெஸ்டின், ஷெரட்டன் பெயர்களில் விற்கும் டைம்ஷேரும் அதன் கையில்தான். சிங்கப்பூர் டாலர் சம்பாதிக்கும் குடும்பம் வெள்ளி மாலை கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குச் சேரும் இடம் அது. ஜொகூர் பாரு–உட்லண்ட்ஸ் ஆர்.டி.எஸ். ரயிலும் எல்லையைத் தாண்டுவதை இன்னும் எளிதாக்கும். எனக்குள்ள ஒரே தயக்கம் பருவமழை. கிழக்குக்கரையில் நவம்பர் முதல் கடல் கொந்தளிக்கும், நம் ஆண்டிறுதி விடுமுறையும் அப்போதுதான்.

கேள்வி (கிள்ளான்): டிஸ்னியின் டைம்ஷேரான டிஸ்னி வெக்கேஷன் கிளப் ஆசியாவுக்கு வருமா அக்கா? பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

பதில்: நம் பக்கம் வருமென்று தோன்றவில்லை தங்கச்சி. 1991இல் தொடங்கி, பசிபிக்கில் அவர்கள் வந்து நின்ற இடம் ஹவாயின் ஆலனி ரிசார்ட், 2011இல். தோக்கியோ டிஸ்னி பூங்காவின் உரிமையாளர் ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் பெரும்பங்கு உள்ளூர்த் தரப்பிடம். அடுத்தவர் வீட்டில் நம் கடையை வைப்பது எளிதல்ல. தோக்கியோ போவதானால் தனியாகச் சேமித்துப் போங்கள்.

கேள்வி (ஈப்போ): புது இடம் வரப் போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கட்டடத்தைத் தேடாதீர்கள், கம்பெனி வாங்கல் விற்றலைப் பாருங்கள். பத்து வருஷமாக இந்தத் தொழில் பெரும்பாலும் ஒன்றை ஒன்று விழுங்கித்தான் விரிந்திருக்கிறது. ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸ் 2021இல் டைமண்ட் என்ற டைம்ஷேர் நிறுவனத்தை வாங்கியது, 2024 ஜனவரியில் புளூகிரீன் என்ற இன்னொன்றை. விண்டம் கிளப்புகளை நடத்தும் டிராவல் அண்ட் லெஷர் நிறுவனம் 2024இல் அக்கோர் வெக்கேஷன் கிளப்பை வாங்கியது, அதோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தோனேசியா இடங்களும் சேர்ந்து வந்தன. ஒரு செங்கல்கூட வைக்காமல் வரைபடத்தில் புள்ளிகள் கூடுகின்றன. ஆக, உங்கள் கிளப் அடுத்து எங்கே போகும் என்று கேட்பதைவிட, யாரை வாங்கும், அல்லது யார் அதை வாங்குவார்கள் என்று கேட்டால் விடைக்குக் கிட்டப் போகலாம்.

அப்புறம் வேலை விளம்பரம். ஒரு ஊரில் ஹோட்டல் ஆள் எடுக்கிறார்கள் என்றால் அது ஹோட்டல். விற்பனை ஆலோசகர், அதுவும் மாண்டரின், ஜப்பானிய மொழி பேசுகிறவர் வேண்டும் என்று கேட்டால் அது டைம்ஷேர்.

கேள்வி (சுங்கை பட்டாணி): லங்காவியில் அடுத்த வருஷம் புது ரிசார்ட் திறக்கிறதாம். இப்போதே 12,000 வெள்ளி கட்டி நம் உறுப்பினர் தகுதியை உயர்த்திக்கொண்டால் முதல் வாய்ப்பு நமக்கு என்கிறார் விற்பனைப் பிள்ளை. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. கட்டடம் திறந்து, உங்கள் சாவி கதவைத் திறக்கும் வரை கட்டாதீர்கள்.

இந்த வேலைக்கு வரும் முன்னே, கல்யாணமான புதிதில் நானும் கட்டினேன். வேறொரு கம்பெனி. மேசையில் கண்ணாடிக்கு அடியில் வரைபடம், அதில் சிவப்புப் பொட்டுகள். ஒரு பொட்டு மட்டும் பச்சை. "இது அடுத்த ஆண்டு" என்றார்கள். அந்தப் பச்சைப் பொட்டுக்காகத்தான் கையெழுத்துப் போட்டோம். இரண்டு வருஷம் கழித்து நானும் வீட்டுக்காரரும் மோட்டார் சைக்கிளில் தேடிப் போனோம். இடுப்பளவு லாலாங் புல், வெயிலில் வெளுத்த ஒரு பலகை, நாலைந்து கான்கிரீட் தூண்கள். தூண் நுனியில் கம்பி துருப்பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம், அங்கேயும் பேசவில்லை. பத்து மாதச் சேமிப்பு அது.

ஆகவே மூன்று விஷயம் சொல்கிறேன். மலேசியாவில் டைம்ஷேர் 2016ஆம் ஆண்டின் 'இன்ட்ரஸ்ட் ஸ்கீம்ஸ்' சட்டத்தின் கீழ் வருகிறது. சிலர் அதை 'வட்டித் திட்டங்கள்' என்று தவறாக மொழிபெயர்க்கிறார்கள். இங்கே 'இன்ட்ரஸ்ட்' என்றால் வட்டி அல்ல, பங்குரிமை. மேற்பார்வை எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்திடம். திட்டத்துக்கு டிரஸ்ட் பத்திரம் இருக்க வேண்டும், உறுப்பினர் உரிமையைக் காக்க டிரஸ்டி என்ற பொறுப்பாளர் இருக்க வேண்டும். அந்த லங்காவி ரிசார்ட்டின் பெயர் பத்திரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொன்னதை டிரஸ்டி காப்பாற்ற முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் நாளை எண்ணுங்கள்: மனம் மாற 10 வேலை நாள் உண்டு. கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

கேள்வி (செராஸ்): எங்கள் பழைய ஒப்பந்தத்தில் நிலையான வாரம், வருஷா வருஷம் அதே வார எண். தீபாவளிக்குப் போகலாம் என்று வாங்கினோம், சரியாக அமையவே இல்லை.

பதில்: அமையாதுதான். தீபாவளி 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. வார எண் நகராது, நம் பண்டிகை நகரும். உங்கள் வாரத்தை, உறுப்பினர்களின் வாரங்களை மாற்றிக் கொடுக்கும் ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற நிறுவனத்தில் ஒரு வருஷம் முன்னதாகவே போட்டுவிட்டு வேறு வாரம் கேளுங்கள். கடைசி மாதத்தில் போட்டால் மதிப்புக் குறையும்.

கேள்வி (பூச்சோங்): என் கம்பெனி புதுப் புது ஊரில் திறந்துகொண்டே போகிறது, எனக்கு மட்டும் அறை கிடைப்பதில்லை. ஏன்?

பதில்: எல்லா விரிவும் உறுப்பினருக்கானது அல்ல. இந்தியாவின் ஸ்டெர்லிங்கைப் பாருங்கள். 1986இல் சென்னையிலிருந்து டைம்ஷேராகத் தொடங்கியது, கொடைக்கானலில் அவர்கள் பெயர் தெரியாதவர் இல்லை. 2014இல் தாமஸ் குக் இந்தியா என்ற பயண நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு ஹோட்டல் தொழில் பக்கம் சாய்ந்தது. ஊர்கள் கூடின, அவை அன்றாட விருந்தினருக்கும் விற்கும் அறைகள். உங்கள் கம்பெனியிடம் ஒன்றே கேளுங்கள்: புது இடத்தில் எத்தனை அறை உறுப்பினர் கணக்கில் சேர்ந்தது, அதே காலத்தில் எத்தனை புது உறுப்பினர் சேர்ந்தார்கள்? இரண்டாவது எண் வேகமாக வளர்ந்தால், ஊர் எத்தனை திறந்தாலும் உங்கள் வரிசை நீளும்.

கேள்வி (சிரம்பான்): சரி அக்கா, உங்களிடம் விட்டால் எங்கே கட்டுவீர்கள்?

பதில்: தைப்பிங். கடல் இல்லை, அதனால் பருவமழைக்குப் படகு நிற்காது. மழை ஊர்தான், ஆனால் அது வருஷம் முழுக்கப் பெய்யும் மழை, அதற்கென்று ஒரு மாதம் மூட வேண்டாம். ஏரித் தோட்டம் இருக்கிறது, பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது, கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயில் நேராக நிற்கிறது. வயசானவர்கள் கார் ஓட்ட வேண்டாம்.

வீட்டில் மூன்று படுக்கையறையும், ஜன்னலோடு தனிச் சமையலறையும் வைப்பேன். என் மேசைக்கு வந்த புகார்களில் அடிக்கடி கேட்டது புகை அலாரம். கடுகு தாளித்தவுடன் அலறும், பாதுகாவலர் ஓடி வருவார், பாட்டி கரண்டியோடு வாசலில் நிற்பார். எட்டுப் பேர் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு அரிசிப் பானை உட்காரும் அளவுக்கு ஓர் அடுப்பும், காற்றுப் போக ஒரு ஜன்னலும் வேண்டும்.