எழுத்தா, தொழிலா? திருவட்டாறு பக்கத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற வாரம் நாகர்கோவிலில் என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அறிவுசார் குறைபாடு உள்ள உங்கள் மகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். "இவளுக்கு இனியும் அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதா, இல்லை அதை விட்டுவிட்டு ஒரு கைத்தொழில் பழக்கட்டுமா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்றபடி சொல்லக்கூடிய பதிலும் அது இல்லை. இதே கேள்வியோடு மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள் என்பதால், உங்கள் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் அன்று என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது மகளுக்குத் தாகம் எடுத்தது. பைக்குள் பார்த்தாள். பாட்டிலை எடுத்து மடியில் வைத்தாள். இடக்கை பாட்டிலைப் பிடித்தது, வலக்கை விரல்கள் மூடியைச் சுற்றி வளைந்தன. அதற்குள் உங்கள் கை வந்துவிட்டது. மூடியைத் திறந்து, வாயருகே பிடித்து, முந்தானையால் துடைத்தும் விட்டீர்கள். பதினான்கு வருடம் அவளைச் சுமந்த கை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவள் விரல்கள் வேலையைத் தொடங்கியிருந்தன, தங்கச்சி. அதை நான் பார்த்தேன்.

இன்று முதல் அந்த மூடியை நீங்கள் முக்கால்வாசி திருகி வையுங்கள். கடைசிச் சுற்றை அவள் திருகட்டும். திறந்தது அவள், குடித்தது அவள். அது கைவந்த பிறகு அரைச் சுற்று குறைவாகத் திருகிக் கொடுங்கள். இப்படிக் கடைசிப் படியை முதலில் கொடுத்துப் பின்னோக்கி வருவது சிறப்புக் கல்வியில் வெகுகாலமாக இருக்கும் முறை. முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் சோர்ந்துபோகும். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி அவளுக்குக் கிடைக்கும். சட்டைப் பொத்தான், தலை பின்னுவது, தட்டு கழுவுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒன்றைச் செய்யச் சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவள் அசையவில்லை என்றால் விரலால் சுட்டிக்காட்டுங்கள். மறுபடி பத்து. அதன் பிறகு வாயால் சொல்லுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு சின்ன நோட்டில் அன்றன்றைக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டு உங்களுக்குச் சொல்வதை எந்த மதிப்பெண் அட்டையும் சொல்லாது.

இனி எழுத்துக்கு வருகிறேன். எட்டு வருடமாக அவள் "அ, ஆ" எழுதுகிறாள் என்றீர்கள். நோட்டைப் பார்த்தேன், புள்ளி வைத்த எழுத்தின் மேல் பென்சிலை ஓட்டியிருக்கிறாள், பக்கம் பக்கமாக. தமிழில் எழுத்து 247. வரிசையாக எல்லாம் முடித்த பிறகுதான் சொல் என்று வைத்துக்கொண்டால், அவள் வாழ்நாளில் ஒரு சொல்லையும் படிக்காமலே போய்விடுவாள். அவளுக்குத் தேவையான சொல்லிலிருந்து தொடங்குங்கள். அவள் பெயர், அம்மா, தம்பி, உங்கள் ஊர்ப் பெயர், "பெண்கள்", "ஆபத்து", "மருந்து". ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, முழுச் சொல்லாகக் கண்ணுக்குப் பழக்குங்கள். முதலில் படத்தோடு, பிறகு படத்தை எடுத்துவிட்டு. ஐந்து சொற்களை அடையாளம் கண்ட பிறகு, அந்தச் சொற்களுக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டலாம். அம்மாவில் இருக்கும் அகரம் அவளுக்கு அர்த்தமுள்ள அகரம்.

இதைச் சொல்லும்போது ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். பதினாறு வயதில் அழைத்து வந்தார்கள். "படிப்பு போதும், தொழில் பழக்குங்கள்" என்று நானே சொன்னேன். ஒரு பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடும் வேலை கிடைத்தது. எண்ணிக்கை தப்பாமல் செய்தான். ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் அப்பாதான் கொண்டுவிட்டார். அவர் படுத்த படுக்கையான மாதமே அவன் வேலையும் நின்றது. வேலை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வேலைக்குப் போகும் வழிதான் தெரியவில்லை. மூன்று ஊர்ப் பெயர்களைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். அன்று நான் சொன்ன வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் எழுத்தா தொழிலா என்று யார் கேட்டாலும் இரண்டையும் பிரிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் இறங்கும் இடத்தைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பேச்சு சில சொற்களே. ஆகவே "தக்கலை" என்று எழுதிய அட்டை ஒன்று அவள் கையில் இருக்கட்டும். பஸ் வரும்போது அட்டையையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள்: அது வாசிப்பு. கண்டக்டரிடம் அட்டையை நீட்டுகிறாள்: அது பேச்சு. டிக்கெட்டைப் பத்திரமாக வைக்கிறாள், நிறுத்தங்களை விரல்விட்டு எண்ணுகிறாள்: அது கணக்கு. இறங்கிய இடத்தில் நின்று வண்டி போன பிறகு சாலையைக் கடக்கிறாள். ஒரு பயணத்தில் எத்தனை பாடம்! இதை வகுப்பறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நடத்தினால் பழக்கத்துக்கு உதவும். ஆனால் உண்மையான பஸ்ஸில், உண்மையான நெரிசலில் செய்தால்தான் நிலைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் கடினம். முதல் சில மாதம் பக்கத்தில் இருங்கள், பிறகு இரண்டு இருக்கை தள்ளி, பிறகு பின்கதவு அருகே.

கணக்கும் அப்படியே. காலையில் புட்டு அவிக்கிறீர்கள் அல்லவா? குழலில் தேங்காய் ஒரு பிடி, மாவு இரண்டு பிடி, மறுபடி தேங்காய் ஒரு பிடி. அதை அவள் கையால் போடட்டும். எண்ணிக்கையும் வரிசையும் அதிலேயே இருக்கிறது. கடையில் சில்லறை எண்ணத் தெரியாது என்பதற்காகப் பணத்தைக் கையில் கொடுக்காமல் இருக்காதீர்கள். பத்து ரூபாய் நோட்டுகளை மட்டும் கொடுத்துப் பழக்குங்கள். கடைக்காரர் இருபத்தேழு என்றால் இருபதுக்கு இரண்டு நோட்டு, மேலே உள்ளதற்கு இன்னொன்று, ஆக மூன்று நோட்டு. மீதியை அவர் தருவார். தெரிந்த கடையில் தொடங்கினால் போதும்.

சொல் வராத பிள்ளைக்குப் படப்பலகை கட்டாயம் வேண்டும். தண்ணீர், கழிப்பறை, வலி, வேண்டாம், போதும் — இந்த ஐந்து படங்களை ஒரு அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டினாலே வீட்டில் பாதிக் கூச்சல் அடங்கும். தட்டைத் தள்ளுவதும் கையைக் கடிப்பதும் பெரும்பாலும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லும் முயற்சிதான். "வேண்டாம்" என்ற படத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுத்தால் தட்டு பறக்காது. கைப்பேசியில் வேண்டுமென்றால் சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் உண்டு. படத்தைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். அந்தப் பயம் வேண்டாம்; பலருக்குப் பேச்சு வரவே அது துணை செய்கிறது.

"பள்ளியில் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள்" என்றீர்கள். அதற்கு நீங்கள் அமைதியாக, ஆனால் உறுதியாகப் பேச வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். அவரையும் வகுப்பாசிரியரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது அவளுக்கென்றே குறித்த இலக்குகள், எழுதச் சொல்லுங்கள். "எழுத்தறிவு மேம்படும்" என்று பொதுவாக எழுதினால் ஏற்காதீர்கள். "டிசம்பருக்குள் ஆறு ஊர்ப் பெயர்களைப் படத்தின் துணையின்றி அடையாளம் காண்பாள்" என்று எழுத வேண்டும். அளக்க முடிந்தால்தான் அது இலக்கு.

வகுப்புப் பாடத்திலும் அவளுக்கு இடம் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. மற்றப் பிள்ளைகள் பருவமழையைப் பற்றி எழுதும்போது, அவள் தினமும் நாட்காட்டியில் மழைக்கு நீலம், வெயிலுக்கு மஞ்சள் என்று ஒட்டி, மாதக் கடைசியில் நீலத்தை எண்ணிச் சொல்லட்டும். அதே பாடம்தான், அவளுக்கு ஏற்ற ஆழத்தில். உங்கள் வீட்டில் அது வெறும் பாடமும் இல்லை: நீலம் ஒட்டிய நாளில் அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

பத்தாம் வகுப்பு பற்றி: மாநிலப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். அதற்குக் கீழே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்கு இணையான நிலைகளும் உண்டு. வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு அதைப் பற்றிய முடிவே தேவையில்லை. சான்றிதழுக்காக நான்கு வருடத்தை மனப்பாடத்தில் கரைத்து, அவள் தானே குளிக்கக் கற்காமல் போவதை நான் ஏற்க மாட்டேன்.

குளிப்பது என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு மாதவிலக்கு தொடங்கிவிட்டது. நாப்கின் மாற்றுவதைப் படிப்படியாகப் படம் ஒட்டிக் குளியலறைச் சுவரில் வையுங்கள். உள்ளாடையில் நாப்கின் வைக்க வேண்டிய இடத்தை வண்ண நூலால் தைத்துக் குறியுங்கள். குளியலறைக் கதவைச் சாத்துவது, ஆடையை அறைக்குள் மாற்றுவது, தன் உடலில் யார் எங்கே தொடலாம், வேண்டாம் என்று எப்படிக் காட்டுவது — இவற்றை இன்றே தொடங்குங்கள். யார் சொன்னாலும் கீழ்ப்படியும் பிள்ளை என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது எனக்கு அச்சமாக இருந்தது. மறுக்கத் தெரிவதும் அவளுக்குப் பாடமாக வேண்டும். சந்தேகம் ஏதும் வந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

தொழில்? மெழுகுவர்த்தியும் காகித உறையும் எல்லாப் பயிற்சி மையத்திலும் இருக்கின்றன. பிள்ளைக்குப் பிடிக்கிறதா, ஊரில் விற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் கடை, நாற்றுப் பண்ணை, நீங்கள் வேலைக்குப் போகும் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் பூ. ஒவ்வொன்றிலும் அவள் செய்யக்கூடிய ஒரு துண்டு வேலை இருக்கும்: நிறை போட்ட பாக்கெட்டை ஒட்டுவது, நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு இருப்பது உண்மை. அதில் 1 சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்ற பிரிவுகளுக்கு உரியது. ஆனால் அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதியும் வேண்டும். அதை நம்பி வீட்டுக்கருகில் உள்ள வாய்ப்பை விட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. உங்களுக்குப் பிறகு யார்? தம்பி இருக்கிறான் என்று அவன் தலையைத் தடவினீர்கள். பத்து வயதுப் பிள்ளை அவன். இந்தச் சுமையை இப்போதே அவன் மேல் எழுதிவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவளுக்கு 18 வயது நிறைந்ததும் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் கேட்டு மனுச் செய்யலாம். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை கையில் இருப்பதால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றின் நகலும் இருக்கட்டும்.

அடுத்த மாதம் வரும்போது அந்தக் கோடு போட்ட நோட்டைக் கொண்டுவாருங்கள். நாகர்கோவிலில் பஸ் நிலையம் இருக்கும் இடமான "வடசேரி"யின் பெயரை ஒரு அட்டையில் எழுதி அவள் கையில் கொடுத்துவிடுங்கள். கண்டக்டரிடம் அவள் நீட்டட்டும். அவர் அவசரப்படுத்தினால், பத்து வரை எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா