சொந்த வீட்டு மர வேலைக்கு எந்த ஏர் கம்ப்ரஸர், எந்த நெயில் கன்?

"100 லிட்டர் டேங்க் எடுத்தால்தான் நெயில் கன் ஓடும் என்கிறார் கடைக்காரர், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்களுக்கு கப்போர்டு, லாஃப்ட் கதவு, டிவி யூனிட் அளவுக்குத்தான் வேலை இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 24 லிட்டர், 1 ஹெச்பி, ஆயில் ஃப்ரீ கம்ப்ரஸர் போதும். காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கன், எஃப்-30 என்ற மாடல். அதில் 18 கேஜ் என்கிற மெல்லிய ஆணி, 10 முதல் 30 மி.மீ. நீளம் வரை போகும்.

கோவையில் ஒரு அபார்ட்மெண்ட், மூன்றாவது மாடி. நான் வேலைக்குப் போகும் முன்பே வீட்டுக்காரர் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்து, 3 இஞ்ச் ஆணி அடிக்கிற ஃபிரேமிங் கன். அங்கே சுவரே மரச்சட்டம், அதனால் அது தேவை. 18 மி.மீ. ப்ளைவுட்டில் அதை எங்கே அடிப்பது? கூடவே 2 ஹெச்பி பெல்ட் கம்ப்ரஸர். ஹாலில் இருந்து ஒல்லியான எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஸ்விட்ச் போட்டார். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது, எம்சிபி விழுந்தது. "என்னப்பா, டூப்ளிகேட் மோட்டாரா?" என்றார். "மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார். வயர்லயே வோல்டேஜ் இறங்கிடுது" என்று சொல்லி, கம்ப்ரஸரை கிச்சன் 16 ஆம்ப் பாயிண்ட் பக்கத்தில் வைத்து, காற்று ஹோஸை நீட்டினேன். ஓடியது. கீழ்வீட்டு அம்மா சத்தம் தாங்காமல் மேலே வந்தது தனிக்கதை. அப்புறம் என் சின்ன கம்ப்ரஸரிலேயே மொத்த வேலையும் முடிந்தது.

டேங்க் வெறும் கையிருப்பு. பார்க்க வேண்டியது சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. அதிலும் பல பெட்டிகளில் அச்சடித்திருப்பது பம்ப் உள்ளே இழுக்கிற கணக்கு, வெளியே வருவது அதைவிடக் குறைவு. "ஃப்ரீ ஏர் டெலிவரி எவ்வளவு?" என்று கேளுங்கள். பெயிண்ட் ஸ்ப்ரேயும் பண்ணும் எண்ணம் இருந்தால் நான் சொன்ன அளவு பத்தாது. ஸ்ப்ரே கன் விடாமல் காற்று குடிக்கும், நெயில் கன் அடிக்கும்போது மட்டும்தான்.

"ஆணி அடித்த கப்போர்டு நிற்காது, ஸ்க்ரூதான்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். யார் இல்லை என்றது? கப்போர்டு கூட்டுக்கு ஸ்க்ரூதான். பீடிங் (ஓரத்தில் ஒட்டும் மெல்லிய மரப்பட்டி), பின்பக்க 6 மி.மீ. ப்ளை, இதற்குத்தான் கன். அங்கேயும் பிடிப்பது பசை. அது காயும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிற உதவியாள்தான் ஆணி. காற்றழுத்தத்தை 80 பிஎஸ்ஐ-யில் வைத்து துண்டுப் பலகையில் அடித்துப் பாருங்கள். தலை லேசாக உள்ளே இறங்கி, புட்டி வைக்க இடம் விட்டால் சரி.

தேக்கு பீடிங்கில் கெட்டியான ரேகை பட்டால் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். என்கிட்ட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன் பிடித்திருந்த விரலுக்கு ஒட்டி வந்து நின்றது. பீடிங்கைத் தள்ளிப் பிடியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். சாயந்திரம் டேங்க் அடி வால்வைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே துருப் பிடிக்கும்.

இதைக் கேட்காமலேயே சொல்கிறேன்: "மெஷின்தானே அடிக்குது, கூலியைக் குறைச்சுக்கோ" என்று அதே வீட்டுக்காரர் கடைசி பில்லில் பிடித்தார். கன், ஹோஸ், ஆணி எல்லாம் என் காசு. பாக்கி இன்னும் வரவில்லை.