ரெட்ரோ ஹாக்கி லீக்கில் ஒரே மூவை வைத்து ஜெயித்துக்கொண்டே இருப்பவரைத் தடுக்கலாமா?

கேள்வி: "நண்பர்கள் 12 பேர் சேர்ந்து பழைய வீடியோ கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டரில், என்எச்எல் 94 என்ற ஐஸ் ஹாக்கி கேமில் லீக் நடத்துகிறோம். ஒருவர் எப்போதும் சிகாகோ டீமை எடுத்து, கோலுக்குக் குறுக்கே சறுக்கி, ஒரே மாதிரி கோல் அடித்து எல்லாரையும் தோற்கடிக்கிறார். அந்த மூவைத் தடை செய்யலாமா? சிகாகோவையும் சேர்த்துத் தூக்கிவிடலாமா?"

மூவைத் தடை செய்யாதீர்கள். சிகாகோ பற்றிய புகாரில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கும் தடை தீர்வாகாது. இந்த கேமில் லீக் ஆடியும் இருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன். சண்டை வந்த இடம் பெரும்பாலும் மூவ்தான். ஆனால் உண்மையான அநியாயம் அநேகமாக அங்கே இருப்பதில்லை. யாருக்கு எந்த ஆட்டக்காரர் கிடைத்தார், யாருடைய இணைப்பு எப்படி இருந்தது, யார் பாதி சீசனில் காணாமல் போனார் என்பதில்தான் அது இருக்கும்.

முதலில் அந்தக் குறுக்கே சறுக்கும் கோல். நான் பேசுவது சேகா மெகா டிரைவ் என்ற கேம் பெட்டிக்கான பதிப்பைப் பற்றி; அமெரிக்காவில் அதே பெட்டிக்கு ஜெனசிஸ் என்று பெயர். தாக்குபவர் ஒரு பக்கமாக இறங்கி வந்து, கோலிக்கு (கோல்கீப்பருக்கு) நேர் முன்னால் மறுபக்கத்துக்குச் சறுக்குகிறார். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் இருக்கும் தட்டையான வட்டுக்கு பக் என்று பெயர். கம்ப்யூட்டர் ஓட்டும் கோலி அந்த பக் போகும் திசையிலேயே நகர்ந்து வருவார். அவர் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் அந்த நொடியில் எதிர்ப்பக்க மூலைக்கு அடித்தால், அவரால் திரும்பி வர முடியாது. இதுதான் டீக். பழகிய கைக்கு இது சுலபம். வேகமும் லாகவமும் உள்ள ஆட்டக்காரர் கையில் கிடைத்தால் இன்னும் சுலபம்.

ஆனால் இதற்குப் பதில் கேமுக்குள்ளேயே இருக்கிறது. கோலியை மனிதரே இயக்கும் வசதி இந்தத் தொடரில் வந்தது 94இல்தான். தாக்குபவர் சறுக்கத் தொடங்கும்போது கோலியைக் கையில் எடுத்து, கூடவே ஓடாமல், தாக்குபவர் வந்த பக்கத்துக் கம்பத்தை ஒட்டியே நிறுத்தினால், அவர் திருப்பி அடிக்கப் போகும் இடம் அடைபட்டுவிடும். பின்னாலிருந்து துரத்துவது வீண். டிஃபென்ஸ்காரரை முன்கூட்டியே கோல் வாசலுக்குக் கொண்டுவந்து, ஆள் குறுக்கே வரும்போது உடம்பால் மோத வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் 11 பேரில் நான்கு பேர் கற்றுக்கொண்டால் போதும், அந்த நண்பர் பாஸ் கொடுக்க ஆரம்பிப்பார். பாஸ் வந்தால் ஒன்-டைமர் வரும். வரும் பக்கை நிறுத்தாமல் அப்படியே அடிக்கிற இந்த ஷாட்டும் 94இல் புதிதாக வந்ததுதான். ஆட்டம் உண்மையில் சுவாரசியமாவது அங்கேதான்.

தடை செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோலுக்கு முன்னால் எத்தனை அடி நகர்ந்தால் டீக்? கோலி மேல் பட்டுத் திரும்பி வரும் ரீபவுண்ட் எடுத்துத் திரும்பி அடித்தால் அது சேருமா? ஒவ்வொரு கோலுக்கும் வீடியோ போட்டுப் பார்த்து, இரவு 12 மணிக்கு வாட்ஸப்பில் தீர்ப்பு சொல்ல யார் உட்கார்ந்திருப்பது? நடைமுறைப்படுத்த முடியாத விதி, நாணயமானவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

இப்போது சிகாகோ. அந்த டீமில் ஜெரமி ரோனிக் இருக்கிறார். நிஜ என்எச்எல்லிலும், அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கிலும், அவர் சாதாரண ஆள் இல்லை. 1992-93 சீசனில் 50 கோல்; கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து மொத்தம் 107 புள்ளி. கேமின் மதிப்பெண்கள் அந்தக் காலத்து ஆட்டத்தை ஒட்டியே போடப்பட்டவை. கூடவே டிஃபென்ஸில் கிறிஸ் செலியோஸ், கோலில் எட் பெல்ஃபோர். அதே கேமில் ஒட்டாவா இருக்கிறது; நிஜத்தில் அந்த சீசனில் அது 84 ஆட்டத்தில் 10 ஜெயித்து 70 தோற்றது. புதிதாக லீக்கில் சேர்ந்த அனஹைம், ஃப்ளோரிடா டீம்களும் உண்டு. இருப்பது 26 டீம். இதில் ஒருவர் சிகாகோவும் இன்னொருவர் ஒட்டாவாவும் எடுத்து ஆடி "லீக்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

இதைவிடச் சுவையான சமாச்சாரம் எடை. சேகா பதிப்பின் நிரலில் ஒரு பிழை இருக்கிறது. உடம்பால் மோதும்போது கனமான ஆள் லேசான ஆளைத் தள்ளிவிட வேண்டும் அல்லவா? இதில் அந்தக் கணக்கு தலைகீழாகி, லேசான ஆளுக்கே சாதகம். 5 அடி 6 அங்குல உயரமுள்ள கால்கரியின் தியோ ஃப்ளூரி, ஃபிலடெல்ஃபியாவின் 6 அடி 4 அங்குல எரிக் லிண்ட்ராஸை முட்டி ஐஸில் உட்காரவைப்பார். புதிதாக ஆடுபவர்கள் பெயரைப் பார்த்து லிண்ட்ராஸை எடுப்பார்கள், தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் ஃப்ளூரியை எடுப்பார்கள். பிட்ஸ்பர்க்கின் மரியோ லெமியூவும் லிண்ட்ராஸ் மாதிரித்தான். 60 ஆட்டத்தில் 160 புள்ளி எடுத்த மனிதர், சீசன் நடுவில் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து ஆடியவர். கேமிலும் திறமை எல்லாம் குறைவில்லாமல் இருக்கிறது, ஆனால் அந்த ஆகிருதியே இங்கே அவருக்கு எதிரி.

இந்தப் பிழையைத் திருத்திய ரோம்களும் (எமுலேட்டரில் போடும் கேம் கோப்புகள்) சுற்றில் இருக்கின்றன. நான் அவற்றை விரும்புவதில்லை. முப்பது வருடமாக எல்லாருக்கும் தெரிந்த பிழை, பிழை என்ற நிலையைத் தாண்டி விதியாகிவிட்டது. அதைத் திருத்தினால் கேமின் சமநிலை முழுக்க வேறாகிவிடும், நீங்கள் பழகிய கணிப்பு ஒன்றும் செல்லாது. தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும் என்ற நிலைதான் அநியாயம். அதனால் சீசன் தொடங்கும் முன்பே எல்லா ஆட்டக்காரர்களின் எடை, வேகம், லாகவம், ஷாட் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் போட்டுக் குழுவில் பகிர்ந்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் ரகசியமாக வைத்திருந்த ஞானம் பொதுச்சொத்தாகிவிட்டால் பாதிப் புகார் தானாக அடங்கும்.

மீதிக்கு டிராஃப்ட். டீம்களை அப்படியே எடுக்காமல், எல்லா ஆட்டக்காரர்களையும் பொதுக் குவியலில் போட்டு வரிசையாகத் தேர்வு செய்வது. முதல் சுற்றில் ஒன்றிலிருந்து 12 வரை, அடுத்த சுற்றில் 12இலிருந்து திரும்பி வருவது என்று பாம்பு மாதிரி போவதுதான் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் லீக்கில் லைன் சேஞ்ச், அதாவது களைத்த வரிசையை ஆட்டத்தின் நடுவே மாற்றும் வசதியை, அணைத்து ஆடுகிறீர்களா என்பதைப் பொறுத்து இதன் பொருளே மாறும். அணைத்துவிட்டால் களைப்பு கிடையாது, அதே ஐந்து பேரும் கோலியும் ஆட்டம் முழுக்க நிற்பார்கள். அதாவது மொத்தம் ஆறு பேர்தான் கணக்கு. முதல் இடத்தில் இருப்பவர் ரோனிக்கை எடுத்துவிட்டு 24ஆவது, 25ஆவது தேர்வுக்குக் காத்திருப்பார். கடைசியில் இருப்பவருக்கு 12ஆவதும் 13ஆவதும் அடுத்தடுத்துக் கிடைக்கும். ஆறு பேர் கொண்ட டீமில் ஒரே ஒரு அசகாயசூரன் போடும் கனம் அதிகம், அடுத்த சுற்றில் கிடைக்கும் சலுகை அதை ஈடுகட்டுவதில்லை. லைன் சேஞ்ச் இருந்தால் இரண்டாவது, மூன்றாவது வரிசைக்கும் ஆள் வேண்டும், அப்போது பாம்பு வரிசை ஓரளவு சரியாகவே வேலை செய்யும்.

எனக்குப் பிடித்தது ஏலம். ஐபிஎல் பார்த்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரே தொகை, கற்பனைப் பணம். ரோனிக்தான் வேண்டும் என்றால் பாதிப் பணத்தைக் கொட்டு, மிச்சத்தில் டிஃபென்ஸுக்கு யாரை வாங்குகிறாய் பார்க்கலாம். ஒரு மாலை முழுக்க ஆகும், குடும்பஸ்தர்கள் முனகுவார்கள். ஆனால் "அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது" என்ற கேள்வி அதன் பிறகு எழாது.

ஏலமெல்லாம் வேண்டாம், பழைய டீம்களை அப்படியே ஆட வேண்டும் என்றால், ஒவ்வொரு மோதலையும் இரண்டு ஆட்டமாக வைத்து, இரண்டாவது ஆட்டத்தில் டீமை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்த்தால் யார் நன்றாக ஆடினார் என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று, இந்த கேமில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஆட்டக்காரர்களின் மதிப்பெண் கொஞ்சம் ஏறும், இறங்கும். சூடாக இருக்கிறார், குளிர்ந்திருக்கிறார் என்பார்கள். நேற்று ராஜாவாக இருந்தவர் இன்று தடுமாறுவார். ஒரே ஆட்டத்தை வைத்து யாரையும் எடைபோடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

இணைப்பு விஷயத்தில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. நீங்கள் 12 பேரும் ஒரே ஊரிலா? இல்லை, சென்னையில் ஆறு பேர், அமெரிக்காவில் ஆறு பேரா? கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது, ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். கண்டம் தாண்டிய இணைப்பில் பட்டனை அழுத்தி ஆறேழு ஃபிரேம் கழித்து அது திரைக்கு வருவது சகஜம். "தாமதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே" என்பார்கள். ஒன்றுதான், ஆனால் பாதிப்பு ஒன்றில்லை. டீக் அடிப்பவர் எப்போது திரும்புவது, எப்போது அடிப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டார். தாமதத்தைச் சேர்த்தே விரல் பழகியிருக்கும். தடுப்பவரோ பார்த்த பிறகுதான் கோலியை நகர்த்த முடியும். ஆக, மேலே நான் சொன்ன தடுப்பு முறை இந்தத் தாமதம் (லேக்) உள்ள ஆட்டத்தில் பாதி பலிக்காது. உங்கள் நண்பர் தொலைதூர ஆட்டங்களில்தான் அதிகம் ஜெயிக்கிறாரா என்று முதலில் பழைய ஸ்கோர்களைப் புரட்டிப் பாருங்கள். அப்படியானால் கோளாறு மூவில் இல்லை, நெட்டில். முதற்சுற்றை ஊர்வாரியாகப் பிரித்து நடத்தி, கண்டம் தாண்டிய ஆட்டங்களை பிளேஆஃபுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காணாமல் போகிறவர்கள்தான் லீக்கைக் கெடுப்பவர்கள். இந்த கேமில் சீசன் என்ற வசதியே கிடையாது. பெரும்பாலும் தனி ஆட்டமும் பிளேஆஃபும்தான். முழு சீசன் அடுத்த வருடம் 95 பதிப்பில்தான் வந்தது. அதனால் அட்டவணை, புள்ளி, விதி எல்லாம் நீங்கள் வெளியே கட்டுவது, காப்பாற்றுவதும் நீங்கள்தான். ஒருவர் நான்கு ஆட்டம் ஆடி 8-0 என்று அடி வாங்கிவிட்டு ஓடிவிட்டால், அவரை ஏற்கெனவே சந்தித்த நான்கு பேருக்குக் கோல் வித்தியாசம் எகிறிவிடும், மற்றவர்களுக்கு வெறும் வாக்ஓவர். செஸ் உலகில் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் ரவுண்ட் ராபின் போட்டிகளுக்கு, சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபீடே வைத்திருக்கும் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் குறைவான ஆட்டங்கள் ஆடிவிட்டு விலகினால் அவருடைய முடிவுகள் எதுவும் தரவரிசைக் கணக்கில் சேராது. பாதி தாண்டியிருந்தால் மீதி ஆட்டங்கள் எதிராளிக்கு வெற்றி.

கடைசி இடத்தில் இருப்பவர் வேண்டுமென்றே தோற்பதும் நடக்கும், குறிப்பாக அடுத்த சீசன் டிராஃப்டில் கடைசி ஆளுக்கு முதல் தேர்வு என்று வைத்தால். இது நிஜ லீக்குக்கும் வந்த வியாதிதான். அதே 1992-93இல் ஒட்டாவாவும் சான் ஹோசேயும் ஆளுக்கு 24 புள்ளியுடன் அடியில் கிடந்தன. வெற்றி ஒன்று குறைவாக இருந்த ஒட்டாவாவுக்கு முதல் தேர்வு போனது. அது வேண்டுமென்றே தோற்றதா என்று சந்தேகம் கிளம்பி விசாரணை வரை போனது, நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1995இலிருந்து லீக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்துவிட்டது. நீங்களும் பிளேஆஃபுக்கு வராத எல்லாரையும் ஒரே குலுக்கலில் போட்டுவிடுங்கள், விஷயம் முடிந்தது.

அமைப்புகளைப் பொறுத்தவரை நான் வைப்பது: பீரியட் (ஆட்டத்தின் ஒரு பகுதி) 5 நிமிடம், பெனால்டி (தவறு செய்தவரைச் சில நிமிடம் வெளியே உட்காரவைப்பது) அணைப்பு, லைன் சேஞ்ச் உங்கள் இஷ்டம், எல்லாருக்கும் ஒரே ரோம், ஒரே எமுலேட்டர், ஒரே வெர்ஷன். பெனால்டியை அணைத்தால் முரட்டு ஆட்டம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் ஒருவர் எந்நேரமும் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல். ஆட்டம் முடிந்ததும், அந்த நொடியின் நிலையை எமுலேட்டர் அப்படியே சேமிக்கும் சேவ் ஸ்டேட் கோப்பை ஜெயித்தவர் குழுவில் போட வேண்டும். ஸ்கோரும் யார் யார் கோல் அடித்தார்கள் என்பதும் அதிலேயே பதிந்திருக்கும், பிறகு வாய்த்தகராறுக்கு இடமில்லை. புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள், நேருக்கு நேர் ஆடிய முடிவைப் பாருங்கள். கோல் வித்தியாசம் என்று வைத்தால் பலமானவர்கள் புதியவர்களை 14-0 என்று நசுக்குவார்கள், அந்தப் புதியவர் அடுத்த சீசனுக்கு வரவே மாட்டார்.