கல் நிலத்தில் ரோட்டவேட்டர்: பிளேடு ஏன் வளைகிறது, போல்ட் ஏன் முறிகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் நாங்கள் வேலை பார்க்கும் பண்ணையில் புதிதாக அரை ஹெக்டேர் நிலம் சேர்ந்திருக்கிறது. சாய் சிம், கங்கோங், தண்டுக்கீரை போட வேண்டும். எங்களிடம் இருப்பது 34 குதிரைத்திறன் டிராக்டர், அதன் பின்னால் மாட்டிச் சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் 4 அடி ரோட்டவேட்டர், எல் வகை பிளேடு. மண் சிவப்பு, கல் நிறைய. பழைய கட்டட உடைசலும் கிடக்கிறது. ஒரே நாளில் எட்டு பிளேடு வளைந்துவிட்டது. ஷியர் போல்ட் திரும்பத் திரும்ப முறிந்ததால், புத்தகத்தில் போட்டிருந்த 8.8 போல்ட்டுக்குப் பதிலாக 12.9 போல்ட் போட்டோம். இப்போது போல்ட் முறிவதில்லை, ஆனால் கியர் பெட்டியில் கடகடவென்று சத்தம். கல்லில் பட்டால் வண்டி முன்னால் பாய்கிறது. கனமான பிளேடு மாட்டி வேகமாக ஓட்டினால் சரியாகுமா?

பதில்: வணக்கம். ஆகாது. வேறெதுவும் செய்யும் முன் அந்த 12.9 போல்ட்டைக் கழற்றுங்கள். அது மாறும் வரை வண்டியை நிலத்தில் இறக்க வேண்டாம்.

போல்ட் தலையில் இருக்கும் முத்திரையின் முதல் எண்ணை நூறால் பெருக்கினால், எவ்வளவு இழுவிசையில் அது அறும் என்பது மெகாபாஸ்கலில் கிடைக்கும். 8.8 என்றால் 800, 12.9 என்றால் 1200. அதாவது நீங்கள் போட்ட போல்ட் ஒன்றரை மடங்கு தாங்கும். பிளேடுகள் மாட்டிய சுழல்தண்டு, அதாவது ரோட்டர், கல்லில் சிக்கும்போது அந்த அதிர்ச்சி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் போல்ட் முறிய மறுத்தால் கியர் பெட்டிக்குள் இருக்கும் கூம்புப் பல்சக்கரம் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் டிராக்டரிலிருந்து விசையைக் கொண்டுவரும் தண்டில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டின் சிலுவை வாங்கிக்கொள்ளும். ஷியர் போல்ட் முறிவதற்காகவே வைக்கப்பட்டது. ஒரு நாளில் நாலைந்து முறிகிறது என்றால் நிலம் இன்னும் ரோட்டவேட்டருக்குத் தயாராகவில்லை என்று பொருள். போல்ட்டின் மேல் குற்றமில்லை.

கடகடச் சத்தத்துக்கு இப்படிப் பாருங்கள். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். ரோட்டவேட்டரைத் தாங்குகட்டையில் உட்கார வைத்து, கியர் பெட்டி எண்ணெயை வெளிர் நிறப் பாத்திரத்தில் வடியுங்கள். சாம்பல் நிறத்தில் மாவுபோல் மினுமினுப்பு இருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரல் நகத்தால் எடுக்கக்கூடிய அளவில் உலோகச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் ஓட்டக் கூடாது. எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, எண்ணெய் சீல் போய்விட்டது. சில்லு எதுவும் இல்லையென்றால் ரோட்டரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தண்டின் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. எண்ணெயைத் திரும்ப ஊற்றும்போது புத்தகத்தில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள்; பெரும்பாலும் எஸ்.ஏ.இ. 90 அல்லது 140 கியர் எண்ணெயாக இருக்கும்.

உங்கள் ரோட்டவேட்டரில் ஷியர் போல்ட்டுக்குப் பதில், சுமை மிஞ்சினால் வழுக்கிவிடும் ஸ்லிப் கிளட்ச் வைத்த தண்டு மாட்ட முடியும் என்றால், கல் நிலத்துக்கு அதையே சொல்வேன். அதிலும் கவனம் தேவை. சிங்கப்பூர் ஈரத்தில் இரண்டு மாதம் சும்மா கிடந்தாலே உராய்வுத் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கிளட்ச் வழுக்காது. கிளட்ச் இருந்தும் இல்லாததுபோல்தான். நெடுநாள் நிறுத்தி எடுக்கும்போது ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, பி.டி.ஓ.வை (டிராக்டர் என்ஜின் விசையைக் கருவிக்குத் தரும் சுழல் இணைப்பை) இரண்டு மூன்று நொடி மட்டும் கொடுத்துத் தட்டுகளை வழுக்க விடுங்கள். பிறகு புத்தகத்தில் உள்ள ஸ்பிரிங் நீளத்துக்குத் திரும்ப இறுக்குங்கள். ஸ்பிரிங் முழுக்க நெருங்கும் வரை இறுக்குவது 12.9 போல்ட் போட்டதற்குச் சமம்.

வண்டி பாய்வதற்கு வருகிறேன். ரோட்டரும் டிராக்டர் சக்கரம் சுழலும் திசையில்தான் சுழல்கிறது. ரோட்டர் நிமிடத்துக்கு 210 சுற்று, மையத்திலிருந்து பிளேடு முனை 23 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முனையின் வேகம் நொடிக்குச் சுமார் 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. டிராக்டரோ 4 கி.மீ. வேகத்தில் போகிறது. மண்ணை வெட்ட முடிந்தவரை இந்த வேறுபாடு மண்ணைப் பொடியாக்குகிறது. வெட்ட முடியாத கல்லில் பட்டதும் ரோட்டரே ஒரு சக்கரமாகி மேலேறி வண்டியைத் தள்ளுகிறது. சரிவில் இது உயிருக்கே ஆபத்து. இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைத்து வையுங்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இருந்தால் இருக்கைப் பட்டியையும் கட்டாயம் போடுங்கள். பாயும்போது கிளட்சை மிதித்து வண்டியை நியூட்ரலில் உருள விட வேண்டாம்.

அப்படியானால் எந்த வேகத்தில் ஓட்டுவது? இங்கேதான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. ரோட்டரில் பிளேடுகளை மாட்டும் வட்டத் தகடு, அதாவது ஃபிளாஞ்ச், ஒன்றில் ஆறு பிளேடு. மூன்று இடது, மூன்று வலது. ஒரே தடத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று வெட்டு விழும். மணிக்கு 4 கி.மீ., ரோட்டர் 210 சுற்று என்றால் ஒவ்வொரு வெட்டும் சுமார் 10.5 செ.மீ. மண்ணைக் கடிக்கிறது. 2 கி.மீ.க்குக் குறைத்தால் 5.3 செ.மீ. கடி பாதியானால் ஒரு பிளேடு தாங்கும் சுமையும் ஏறக்குறைய பாதியாகும். ரோட்டரையும் 160 சுற்றுக்கு இறக்கினால் கடி 7 செ.மீ.; அதே சமயம் கல்லில் மோதும் பிளேடின் இயக்க ஆற்றல் முன்பிருந்ததில் 58 சதவீதமே, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. டிராக்டர் வேகத்தைக் குறைக்காமல் ரோட்டரை மட்டும் குறைத்தால் கடி 14 செ.மீ.க்கு ஏறி நிலைமை மோசமாகும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். ரோட்டவேட்டர் கியர் பெட்டியில் மாற்றுச் சக்கரங்கள் இருந்தால் குறைந்த சுற்றுக்கு மாட்டுங்கள்; இல்லையென்றால் என்ஜின் வேகத்தைக் குறைத்து, டிராக்டரைக் கீழ் கியரில் போடுங்கள்.

மெதுவாக ஓட்டினால் நாள் போய்விடுமே என்று நினைக்க வேண்டாம். 1.2 மீட்டர் அகலத்தில் 2 கி.மீ. வேகத்தில், திருப்பங்களுக்கு முப்பது சதவீதம் கழித்தாலும், உங்கள் அரை ஹெக்டேர் ஓர் ஓட்டத்துக்கு மூன்று மணி நேர வேலைதான். வளைந்த பிளேடுகளை மாற்ற அதைவிடக் கூடுதல் நேரம் ஆகியிருக்கும்.

பிளேடு விஷயம். கனத்தைவிட வடிவம் முக்கியம். எல் பிளேடின் மடிந்த அகலப் பகுதி களையும் தண்டும் நிறைந்த நிலத்துக்கு நல்லது. கல்லில் அந்த மடிப்பில்தான் வளைகிறது. இறுகிய நிலத்துக்கு வளைவு அதிகமுள்ள சி வகை பிளேடு மேல். கல்லின் மேல் வழுக்கிப்போக அதற்குக் கொஞ்சம் இடமுண்டு. வளைந்த பிளேடை நெருப்பில் காட்டி அடித்து நிமிர்த்தாதீர்கள். பதம் போய்விடும், மறுநாளே வளையும், அல்லது முறிந்து துண்டு பறக்கும். ஒன்றை மாற்றினால் அதற்கு எதிர்ப்புறம் உள்ளதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எடை சமமில்லாமல் ரோட்டர் அதிரும், முனை பேரிங் போகும். கூர்ப்பக்கம் சுழலும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பிளேடைப் பிடிக்கும் போல்ட்டுக்கு விதி நேர் எதிர். அது முறியக் கூடாது. 8.8 அல்லது 10.9, அதற்குக் குறைந்ததைப் போடாதீர்கள். எம்12 அளவு 8.8 போல்ட் என்றால் டார்க் ஸ்பானரில் 80 நியூட்டன்மீட்டர் அளவுக்கு இறுக்கலாம். உங்கள் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுவே சரி. முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், பிறகு தினமும் ஒரு முறை. நட்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் அதை மண் என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். தளர்ந்த போல்ட் உள்ளே அசைந்து அசைந்து உதிர்த்த இரும்புத் தூள் அது. அந்தத் துளையைக் கழற்றிப் பார்த்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தொடங்கியிருக்கும்.

இதெல்லாம் கருவி. உண்மையான வேலை நிலத்தில் இருக்கிறது. ரோட்டவேட்டர் கடைசி உழவுக்கான கருவி. கல்லைப் பெயர்க்கும் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. தீவின் மேற்கே ஜூரோங் பக்கத்துப் படிவப் பாறை, நடுவிலும் வடக்கிலும் புக்கிட் தீமா கிரானைட். கிரானைட் சிதைந்த மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் சிதையாமல் தங்கிவிடும். வெளியே தெரிவது தட்டளவு, உள்ளே இருப்பது மேசையளவு. அதனால் முதலில் நிலத்தைக் குத்திப் பாருங்கள். 12 மி.மீ. தடிமன், 60 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கம்பியை 2 மீட்டருக்கு ஒரு இடமாக இறக்குங்கள். நறநறவென்று இறங்கினால் செம்பொறைச் சரளை, ரோட்டவேட்டர் தாங்கும். ‘டிங்’ என்று நின்றால் ஒரு சாண் தள்ளி மறுபடி குத்துங்கள். அங்கே இறங்கினால் தனிக்கல். நாலு பக்கமும் நின்றால் புதைந்த பாறை. அந்த இடத்தில் சிவப்புக் கொடி நட்டு உழவிலிருந்து விலக்குங்கள்.

எக்ஸ்கவேட்டர் கொண்டுவந்து ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவரை முதலில் வரவழைக்க வேண்டும். இன்னொன்று: துருப்பிடித்த உருளை வடிவ இரும்பு எதாவது கிடைத்தால் தட்டவோ நகர்த்தவோ வேண்டாம். ஆட்களை விலக்கி 999க்கு அழையுங்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டை அங்கேயே வெடிக்க வைத்து அழிக்க வேண்டியிருந்தது.

தனிக்கல் நிறைந்த இடத்தில் ஸ்பிரிங் கொத்துக் கலப்பையை 15 செ.மீ. ஆழத்தில் ஓட்டுங்கள். கல்லில் பட்டால் கொத்து பின்வாங்கி மேலேறும், உடையாது. கல் மேலே வந்துவிடும். பொறுக்குங்கள், குறுக்காக ஒரு முறை ஓட்டுங்கள், மறுபடி பொறுக்குங்கள். முஷ்டி அளவுக்கு மேற்பட்ட எதையும் விடாதீர்கள். காங்கிரீட் துண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியையும் பழைய முள்கம்பியையும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். ரோட்டரில் கம்பி சுற்றினால் அதன் முனையிலுள்ள எண்ணெய் சீலை அறுத்துவிடும்.

அதன் பிறகே ரோட்டவேட்டர். பக்கச் சறுக்குத் தகடுகளை முதல் ஓட்டத்துக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு வையுங்கள், இரண்டாவதற்கு 10. கீரைக்கு அதுவே போதும். ரோட்டர் சுழலும்போது வண்டி மெல்ல நகர, மெல்ல இறக்குங்கள், தொப்பென்று போடாதீர்கள். நிலத்தின் ஓரத்தில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தித் தூக்குங்கள். ரோட்டர் சுழல ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பின்தகடு எப்போதும் இறங்கியிருக்கட்டும்; அதுதான் பறக்கும் கல்லைத் தடுக்கிறது. 30 மீட்டருக்குள் யாரும் நிற்க வேண்டாம், கல் பொறுக்குபவர்கள் உட்பட. தட்டென்று சத்தம் கேட்டால் என்ஜினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மழை குறைந்த மாதம் பிப்ரவரி. கல் எடுக்கும் பெரிய வேலையை அதற்கு ஒதுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும் என்பதால் காலையில் முடிக்கப் பாருங்கள். எந்த மாதமானாலும் 10 செ.மீ. ஆழத்து மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்தால் ஓட்டலாம். சப்பையாக ஒட்டினால் இன்னும் ஒரு நாள் காயட்டும். ஈரத்தில் ஓட்டினால் பிளேடு அடியில் மண்ணைப் பூசி இறுக்கி, தண்ணீர் இறங்காத அடுக்கை உண்டாக்கும். மாவாகவும் அடிக்காதீர்கள். இந்த ஊர் மழை ஒன்று விழுந்தால் மேல்மண் ஏடு கட்டி விதை முளைக்காது.

பொறுக்கிய கல்லைப் பாதைக்கு அடிப்போட உடனே பயன்படுத்துங்கள். குவித்து வைத்தால் காங்கிரீட் துண்டுகளின் குழிகளில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும். வடிகாலிலும் தள்ளக் கூடாது.

சிவப்புக் கொடி நட்ட இடங்களில் பாறையோடு போராட வேண்டாம். மேலே மண் கொட்டி 30 செ.மீ. உயரப் பாத்தி போடுங்கள். 1 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் என்றால் பாத்திக்கு 6 கன மீட்டர். அதில் கால் பங்கு மக்கிய உரம் இருக்கட்டும். மண் அமர்ந்து இறங்கும் என்பதால் தொடக்கத்தில் 5 செ.மீ. கூட்டியே போடுங்கள். அந்தப் பாத்திகளை ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மண்வெட்டியால் கொத்தினால் போதும்.